திங்களை நினைத்து ஞாயிறே கலங்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறை முடிந்து பள்ளி வாரம் தொடங்கப்போகும் நேரத்தில் பிள்ளைகளுக்கு வரும் பயம், அழுகை, வயிற்றுவலி, தூக்கமின்மை பற்றிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே சாயலில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை ஓடியாடி விளையாடுவாள். சாயங்காலம் ஆனதும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாள். சனிக்கிழமை ஒருநாளும் வலித்ததில்லை. நடிக்கிறாளா?

பதில்: இல்லை. வலி நிஜம்தான். ஏதோ ஆபத்து வரப்போகிறது என்று மூளை முடிவு செய்துவிட்டால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும். ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகும். செரிமானத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குத் திரும்பும். இரைப்பை மந்தமாகும், குடல் தசைகள் இறுகும். குடலின் சுவரிலேயே அடர்த்தியான நரம்பு வலை ஒன்று இருப்பதால் இந்த இறுக்கம் வலியாகவே உணரப்படும். "எனக்குப் பதற்றமா இருக்கு" என்று சொல்ல எட்டு வயதில் பல பிள்ளைகளுக்கு வராது. வயிறு வலிக்கிறது என்பதைத்தான் சொல்லத் தெரியும்.

ஆனாலும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஜான் ஆப்லி என்ற பிரிட்டிஷ் குழந்தை மருத்துவர் 1958இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வருவதும், அவர்களில் பெரும்பாலோருக்கு உறுப்புக் கோளாறு எதுவும் இல்லை என்பதும் தெரியவந்தது. தொப்புளைச் சுற்றி, இங்கே என்று சுட்ட முடியாத வலி பெரும்பாலும் இந்த வகை. தொப்புளிலிருந்து தள்ளி ஒரே இடத்தில் நிற்கும் வலி, ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, எடை குறைவது, வளர்ச்சி நிற்பது, காய்ச்சல், மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பயத்தின் மேல் பழியைப் போடாதீர்கள், உடனே பரிசோதனை செய்யுங்கள்.

ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அதோடு நிறுத்துங்கள். வாரத்துக்கு ஒரு பரிசோதனை, வாரத்துக்கு ஒரு மருந்து என்று போனால், 'எனக்கு ஏதோ பெரிதாக இருக்கிறது, பெரியவர்களுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை' என்று பிள்ளை நினைக்கத் தொடங்கும்.

வலிக்கிறது என்று வரும்போது இரண்டு நிமிடம் அதற்காகவே உட்காருங்கள். "வலிக்குதுன்னு தெரியுது. நாளைக்கு ஸ்கூல்னு நெனைச்சா வயிறு இறுகும், கொஞ்ச நேரத்துல தளர்ந்துடும்" என்று சொல்லி, வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, பழைய வேலைக்கு அவளைத் திரும்ப அழைத்துப்போங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டு "இப்போ எப்படி இருக்கு?" என்று கேட்பதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கவனம் மறுபடி வயிற்றுக்குப் போகிறது, வலியும் கூடுகிறது.

கூடவே, இரண்டு வாரத்துக்கு ஒரு குறிப்பு வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ஞாயிறு மாலை என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, வீட்டுப்பாடப் பையைத் திறக்கும் அந்த ஒரு நிமிடமாகவோ, செவ்வாய் இரவும் வருவதாகவோ இருக்கலாம்.

கேள்வி: "நாளைக்கு டீச்சர் திட்டுவாங்களாம்மா?" இதே கேள்வியைத் தூங்கும் வரை கேட்டுக்கொண்டே இருக்கிறான் என் 7 வயது மகன். "திட்ட மாட்டாங்கடா" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பதில் சொன்னால் ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை.

பதில்: தாங்காது. "திட்ட மாட்டாங்க" என்று கேட்டதும் பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதி கரைந்ததும் அவனுக்கு மறுபடி அது வேண்டும். அதனால் மறுபடி கேட்கிறான். தவிர, நீங்கள் கொடுப்பது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. ஒருநாள் டீச்சர் குரலை உயர்த்திவிட்டால் உங்கள் பேச்சின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

முதல் முறை கேட்கும்போது முழுதாக, உண்மையாகப் பதில் சொல்லுங்கள்: "திட்டினாலும் திட்டலாம், தெரியாது. திட்டினா நீ என்ன செய்வே?" அவனே யோசிக்கட்டும். 'சாரி சொல்வேன்', 'பக்கத்துல இருக்கிறவனைப் பார்த்து எழுதிக்குவேன்' என்று எது வந்தாலும் சரி, ஒரு திட்டம் அவன் கையில் இருக்க வேண்டும். இரண்டாம் முறை: "இதுக்குப் பதில் உனக்கே தெரியும், எங்கே சொல்லு பார்ப்போம்." மூன்றாம் முறையிலிருந்து ஒரே வாக்கியம்தான், அதே குரலில்: "பயமா இருக்குன்னு எனக்குப் புரியுது. இதை உன்னால தாங்க முடியும்னும் எனக்குத் தெரியும்."

இதில் இரண்டு பாதியும் வேண்டும். முதல் பாதியை மட்டும் சொன்னால் பயப்பட வேண்டிய விஷயம்தான் போலிருக்கிறது என்று படும். இரண்டாம் பாதியை மட்டும் சொன்னால் நம் கஷ்டம் யாருக்கும் புரியவில்லை என்று படும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் உருவாக்கிய பெற்றோர் பயிற்சி முறைக்கு இந்த வகைப் பேச்சுதான் அடித்தளம். அந்த முறையில் சிகிச்சையாளரைப் பார்ப்பது பெற்றோர் மட்டும்தான், பிள்ளை வர வேண்டியதில்லை. 7 முதல் 14 வயது வரையுள்ள 124 பிள்ளைகளை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், பிள்ளைக்கே நேரடியாகக் கொடுக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (பயத்தை வளர்க்கும் நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பயிற்சி) இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்று தெரிந்தது. பெற்றோர் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றினாலே பிள்ளையின் பயம் குறையும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

திடீரென்று பதில் சொல்வதை நிறுத்தினால் அவன் குழம்பிப்போவான். ஆகவே முன்கூட்டியே, ஒரு சனிக்கிழமை காலையில், "இனிமே ஒரே கேள்விக்கு ஒரு தடவைதான் பதில் சொல்வேன். ஏன்னா திரும்பத் திரும்பச் சொன்னா உன் பயம் பெருசாகுது" என்று சொல்லிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் இரண்டு மூன்று ஞாயிறுகள் கேள்வி கூடும், அழுகையும் வரலாம். அந்தக் கட்டத்தில் மனமிரங்கிப் பழையபடி பதில் சொல்லிவிட்டால், இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுதால் கிடைக்கும் என்பதுதான் அவன் கற்றுக்கொள்ளும் பாடம்.

கேள்வி: "அதை நெனைக்காதே, வேற ஏதாவது நெனை" என்று சொல்வது சரியா?

பதில்: பலன் தராது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொல்லி உட்காரவைத்தார். அவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தடை நீங்கிய பிறகோ, ஆரம்பத்திலிருந்தே நினைக்கலாம் என்று அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள்.

நினைப்பைத் தடுக்காமல் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983இல் பெரியவர்களிடம் சோதித்த முறை இது. அவர்கள் நாளுக்கு அரைமணி நேரம் வைத்தார்கள். பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம் போதும். தினமும் ஒரே நேரம் (மாலை ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம்), ஒரே நாற்காலி. படுக்கைக்குப் போக இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும், படுக்கையில் வைத்து வேண்டவே வேண்டாம். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'நான் ஏதாவது செய்யலாம்', வலப்பக்கம் 'என் கையில் இல்லை'. எழுதத் தெரியாத வயதில் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அல்லது படம் வரையட்டும். இடப்பக்கத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அன்றே செய்து முடியுங்கள். மற்ற நேரத்தில் பயம் வந்தால் "எழுதி வை, அஞ்சரைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிடலாம். அஞ்சரை மணிக்குள் பாதிப் பயம் சப்பென்று போயிருக்கும்.

இந்த முறை கெட்டுப்போவது பெரும்பாலும் பெற்றோரால்தான். எழுதிய ஒவ்வொன்றுக்கும் உடனே தீர்வு சொல்லி, உபதேசம் செய்து, பத்து நிமிடத்தை முக்கால் மணியாக்கிவிடுவார்கள். கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்துவிடுங்கள், பேச்சு பாதியில் இருந்தாலும்.

கேள்வி: ஞாயிறு இரவு மட்டும் பதினோரு மணி வரை தூங்காமல் புரண்டுகொண்டிருக்கிறாள் 11 வயது மகள். அதற்காகவே அன்று எட்டு மணிக்கே படுக்கவைக்கிறோம். பயன் இல்லை.

பதில்: எட்டு மணிக்குப் படுக்கவைப்பதே காரணங்களில் ஒன்று. வெள்ளி, சனி இரவுகளில் தாமதமாகப் படுத்து, சனி, ஞாயிறு காலை ஒன்பதுக்கு எழுந்தால் இரண்டே நாளில் உடலின் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும். ஞாயிறு இரவு எட்டு மணி அவள் உடலுக்கு இன்னும் சாயங்காலம். தூக்கம் வராமல் இருட்டில் மூன்று மணி நேரம் கிடந்தால் யாருக்குத்தான் கவலை வராது? பள்ளியைப் பற்றிய பயம் என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வெறும் கடிகாரக் கோளாறு. சரிசெய்ய மிகச் சுலபமான பங்கும் இதுதான்.

விடுமுறை நாளில் எழும் நேரம் பள்ளி நாளைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போக வேண்டாம். ஞாயிறு காலை எழுந்த உடனே அரைமணி நேரமாவது வெளி வெளிச்சத்தில் இருக்கட்டும், உடல் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம்தான். மதியம் மூன்று மணிக்கு மேல் குட்டித் தூக்கம் வேண்டாம். இரவு, மற்ற நாட்களில் படுக்கும் அதே நேரத்துக்குப் படுக்கட்டும். சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வந்து, மங்கலான விளக்கில், ஏற்கெனவே படித்த புத்தகம் மாதிரி சுவாரசியம் குறைந்த ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பட்டும். படுக்கை என்றாலே கவலைப்படும் இடம் என்று ஆகிவிடக் கூடாது.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் தந்த பரிந்துரைப்படி 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும். எழ வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தை முடிவு செய்யுங்கள். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு இயல்பாகவே தாமதமாகும் என்பதால் பெரிய பிள்ளைகள் பத்து மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியவற்றைப் பட்டியல் போட்டவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத இன்னும் சீக்கிரம். இது இளைஞர்களிடம் செய்த சிறிய ஆய்வுதான் என்றாலும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை. மேலே சொன்ன கவலை நேரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அது மாலையில், இது இரவில், இங்கே வேலைகள் மட்டும்தான்.

கேள்வி: ஞாயிறு இரவு எட்டு மணிக்குத்தான் ஹோம்வொர்க் நோட்டு பள்ளியிலேயே இருக்கிறது என்று தெரியவருகிறது. அப்புறம் வீடே அழுகைதான்.

பதில்: வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் பத்து நிமிடம். ஹோம்வொர்க் செய்யச் சொல்லவில்லை, பையைத் திறந்து என்ன இருக்கிறது, எந்த நோட்டு வரவில்லை என்று பார்த்து எழுதிவைக்கத்தான். காணாமல்போன நோட்டை வெள்ளி மாலை கண்டுபிடித்தால் நண்பர்களிடம் கேட்டு வாங்கலாம். எழுத்து வேலை சனி காலை. ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பை, சீருடை, காலணி எல்லாம் தயார், அதையும் பிள்ளையே செய்ய வேண்டும், நீங்கள் அடுக்கிக்கொடுத்தால் அவளுக்குப் பை மேல் நம்பிக்கை வராது. நான்குக்கு மேல் பள்ளிப் பேச்சே வேண்டாம்.

அப்படியும் ஏதாவது மிச்சம் இருந்தால் இரவு பத்து மணி வரை உட்காரவைத்து முடிக்கவைக்காதீர்கள். முடியவில்லை என்று டீச்சரிடம் தானே சொல்லட்டும். அது அரைநிமிடச் சங்கடம், முடிக்காத பாடத்தோடு போனாலும் உலகம் இடிந்துவிடாது என்று அவள் நேரில் பார்ப்பாள்.

கேள்வி: மகனுக்கு 13 வயது. ஞாயிறு மாலையிலிருந்து எரிந்து எரிந்து விழுகிறான். என்ன விஷயம் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல". கதவு மூடிவிடும்.

பதில்: இந்த வயதில் பயம் பெரும்பாலும் கோபமாகத்தான் வெளியே வரும். "என்ன ஆச்சு? ஏன்?" என்று எதிரில் உட்கார்ந்து கேட்பதை விடுங்கள். சேர்ந்து நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ, முகம் பார்க்காமல் பேசும் நேரங்களில்தான் பேச்சு வரும்.

அதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். அவனுடைய டைம்டேபிளைப் பெரிதாக ஒரு தாளில் எழுதுங்கள். பாடவேளைகள் மட்டும் போதாது. பள்ளிக்குப் போகும் வழி, முதல் மணிக்கு முந்தைய நேரம், இடைவேளை, சாப்பாட்டு நேரம், கழிப்பறை, விளையாட்டு, திரும்பி வரும் வழி எல்லாம் கட்டங்களாக வர வேண்டும். மூன்று நிறப் பென்சில்: பச்சை பரவாயில்லை, மஞ்சள் கொஞ்சம் கஷ்டம், சிவப்பு தாங்கவே முடியவில்லை. தாளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எழுதவோ விளக்கவோ வேண்டாம், நிறம் தீட்டினால் போதும் என்று சொல்லுங்கள்.

'ஸ்கூலே பிடிக்கல' என்ற பெரிய மூட்டை இந்தத் தாளில் அவிழ்ந்துவிடும். ஒரே ஒரு பாடம் மட்டும் வாரம் முழுக்கச் சிவப்பா? பாடம் புரியவில்லை அல்லது அந்த ஆசிரியரிடம் ஏதோ சிக்கல். பாடங்கள் பச்சையாக இருந்து இடைவேளையும் சாப்பாட்டு நேரமும் சிவப்பா? சேர்ந்து இருக்க ஆள் இல்லை, அல்லது யாரோ வம்பு செய்கிறார்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லும் வகுப்புகள் மட்டும் சிவப்பா? திக்குவாயோ, வாசிப்பில் கற்றல் குறைபாடோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விளையாட்டுப் பீரியட் சிவப்பு என்றால், எல்லார் எதிரிலும் உடை மாற்றுவதும் உடலைப் பற்றிய கேலியும் அடிக்கடி காரணமாக இருக்கும். கழிப்பறை சிவப்பாக இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம், நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் உண்டு. திங்கள் காலை மட்டும் சிவந்து பிறகு வெளுத்துக்கொண்டே போனால் பிரச்சினை தொடக்கத்தில்தான், பள்ளியில் இல்லை. எல்லாமே சிவப்பு, விடுமுறையில்கூடச் சிரிப்பில்லை என்றால் மனச்சோர்வாக இருக்கக்கூடும். காத்திருக்காமல் மனநல ஆலோசனை பெறுங்கள்.

தாளைப் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்தச் சிவப்புல முதல்ல எதை மாத்தணும்?"

வம்பு, மிரட்டல், கைபேசிக் குழுவில் அவமானம் என்று வெளிவந்தால் மூச்சுப் பயிற்சியும் தைரியப் பேச்சும் அங்கே வேலைக்காகாது. அந்தப் பயம் உண்மையைச் சொல்கிறது. தேதி, இடம், நடந்தது, பார்த்தவர்கள் என்று எழுதிவைத்து, திரைப் பதிவுகளைச் சேமித்து, பள்ளியிடம் எழுத்தில் கொடுங்கள், என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உன்னிடம் கேட்காமல் போய்ப் பேச மாட்டேன் என்று மகனுக்கு முதலில் வாக்குக் கொடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்பதை அவனிடம் சொல்லிவிட்டே அடுத்த அடி எடுங்கள். நமக்குத் தெரிந்தால் நிலைமை மோசமாகிவிடும் என்ற பயத்தில்தான் அவன் வாயை மூடியிருப்பான்.

கேள்வி: மூன்று வாரம் முன்பு ஒரு திங்கட்கிழமை மிகவும் அழுததால் 10 வயது மகளை வீட்டில் இருக்கச் சொன்னோம். அன்றிலிருந்து போகவே மறுக்கிறாள். தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிடலாமா, இல்லை அவளாகத் தயாராகும் வரை விட்டுவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதல் நாள் நீங்கள் செய்தது இரக்கத்தால், எந்தப் பெற்றோரும் செய்வதுதான். ஆனால் "சரி, இன்னைக்குப் போக வேணாம்" என்று கேட்டதும் அவளுக்குள் வந்த அந்தப் பெரிய நிம்மதி, போகாமல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மூளைக்குச் சொல்லிவிட்டது. அடுத்த நாள் பயம் இன்னும் பெரிது. அதன் மேல், விட்டுப்போன பாடம், 'ஏன் வரல?' என்று தோழிகள் கேட்பார்களே என்ற கூச்சம் வேறு சேர்ந்துகொள்கிறது. தானாகத் தயாராகும் நாள் அதனால்தான் வருவதில்லை.

முதலில் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். பள்ளி மறுப்பை நீண்ட காலமாக ஆராய்ந்துவரும் கிறிஸ்டோஃபர் கியர்னி நான்கு காரணங்களைச் சொல்கிறார்: பள்ளியில் ஏதோ ஒன்று உண்டாக்கும் வேதனையிலிருந்து தப்பிக்க, மற்றவர் முன் பேசுவது, தேர்வு போன்ற சங்கடங்களிலிருந்து தப்பிக்க, பெற்றோரின் அருகாமைக்காக, அல்லது வீட்டில் கிடைக்கும் திரை, தூக்கம், விளையாட்டுக்காக. ஒன்றுக்கு மேல் இருக்கலாம். முதல் இரண்டுக்கும் கீழே சொல்லும் படிகள். மூன்றாவதற்குக் காலை நேர ஒழுங்கும், போன பிறகு கிடைக்கும் தனிக் கவனமும். நான்காவதற்கு வீட்டில் பள்ளி நேரத்தை ருசியற்றதாக்க வேண்டும்.

படிகளை அவளோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பயம் பத்துக்கு எத்தனை என்று அவள் எண் போடட்டும். மூன்று, நான்கு எண்ணுள்ள படியில் தொடங்குங்கள். உதாரணமாக: பள்ளி விட்ட பிறகு வாசல் வரை போய்ப் பத்து நிமிடம் நிற்பது. ஆளில்லாத வகுப்பில் தன் இடத்தில் உட்கார்வது. பள்ளி நேரத்தில் நூலகத்தில் அரைமணி. பிறகு நாளின் கடைசிப் பீரியட் மட்டும் வகுப்பில் இருந்து, எல்லாரோடும் சேர்ந்து வீட்டுக்கு வருவது. அடுத்து கடைசி இரண்டு பீரியட், பிறகு மதியம் முழுக்க, அப்புறம் முழு நாள். பின்னாலிருந்து முன்னால் வருவதில் ஒரு நன்மை உண்டு: பாதியில் கிளம்பும் சங்கடம் இல்லை, தினமும் 'முடித்துவிட்டேன்' என்ற நிலையில் வீடு திரும்புகிறாள்.

ஒரு விதி மட்டும் தளரக் கூடாது. கிளம்புவது திட்டப்படி, பயத்தின் பேரில் கிளம்பக் கூடாது. எட்டில் இருந்த பயம் நாலுக்காவது இறங்கும் வரை அந்த இடத்தில் இருக்க வேண்டும். உச்சத்தில் இருக்கும்போது அழைத்துவந்துவிட்டால் அந்தப் படியே வீண், தப்பித்ததுதான் நினைவில் நிற்கும். ஒரு படி முடியவே இல்லை என்றால் அது பெரிதாகிவிட்டது என்று பொருள். அதை இரண்டாக உடையுங்கள், கீழே இறங்க வேண்டாம்.

முழு நாளாகத் திரும்புவதைத் திங்களில் வைக்காதீர்கள். புதனில் வைத்தால் மூன்றே நாளில் வாரம் முடிந்துவிடும். பள்ளியில் ஒரே ஒரு பெரியவரை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்: வாசலில் வரவேற்கவும், தாங்க முடியாதபோது ஐந்து நிமிடம் போய் உட்கார்ந்து வகுப்புக்குத் திரும்பவும். தோழிகளுக்குச் சொல்ல ஒரு வரி ஒத்திகை பாருங்கள், "கொஞ்ச நாள் வர முடியல, இப்ப வந்துட்டேன்" போதும். விட்டுப்போன பாடம் எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியர்களிடம் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் நேரத்தில் பள்ளி நாள்போலவே எழ வேண்டும், குளிக்க வேண்டும், பாட வேலை செய்ய வேண்டும். பள்ளி விடும் மணி வரை திரை கிடையாது. இது தண்டனை இல்லை என்பதைக் கோபமில்லாத குரலில் சொல்லுங்கள். காலையில் பேச்சைக் குறையுங்கள். விவாதம் நீள நீளப் பயம் வளரும். யாரிடமிருந்து பிரிவது அவளுக்கு எளிதோ அவர் கொண்டுபோய் விடட்டும்.

நீண்ட விடுமுறைக்கும் காய்ச்சலுக்கும் பிறகு மறுபடி தொடக்கத்தில் சறுக்கல் வரும். அப்போது இரண்டு படி கீழிருந்து வேகமாக ஏறுங்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் குழந்தை உளவியலாளர் ஒருவரின் துணையோடு இதைச் செய்வது நல்லது.

கேள்வி: 5 வயது மகன் பள்ளி வாசலில் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அவன் பார்க்காத நேரத்தில் நழுவி வந்துவிடுகிறேன்.

பதில்: நழுவி வர வேண்டாம். எந்த நொடியில் மறைவீர்களோ என்று அடுத்த நாள் இன்னும் இறுக்கிப் பிடிப்பான். ஒரு நிமிடத்துக்குள் முடியும் விடைபெறல், தினமும் அதே சொற்கள், ஒரு முத்தம், ஆசிரியரின் கையில் ஒப்படைப்பு, திரும்பிப் பார்க்காமல் நடை. ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க வேண்டாம். எப்போது வருவீர்கள் என்பதை மணிக்கணக்கில் சொன்னால் அவனுக்குப் புரியாது, "கடைசி மணி அடிச்சதும் இதே இடத்துல" என்று சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். உள்ளே போனதும் அவன் கைக்கு ஒரு சின்ன வேலை தரச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். நீங்கள் போய் எத்தனை நிமிடத்தில் அழுகை நின்றது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

கேள்வி: "மூச்சை நல்லா இழு" என்றால் தலை சுற்றுகிறது என்கிறாள் மகள்.

பதில்: சுற்றத்தான் செய்யும். பயத்தில் ஏற்கெனவே வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை இன்னும் பெரிதாக இழுத்தால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலைச்சுற்றலும் விரல்களில் மரமரப்பும் வரும். விடும் மூச்சில்தான் இதயத் துடிப்பு தளரும். மூன்று எண்ணும் வரை மூக்கால் மெதுவாக இழுத்து, ஐந்து எண்ணும் வரை உதட்டைக் குவித்து விடட்டும். தினமும் மூன்று நிமிடம், பயமில்லாத நேரத்தில், இரண்டு வாரம் பழகிய பிறகுதான் பயத்தின் நடுவே இது கைகொடுக்கும்.

கேள்வி: "செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய், இரண்டு அடி போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் கணவர்.

பதில்: அடித்தால் பயத்தோடு இன்னொரு பயம் சேரும், அவ்வளவுதான். ஆனால் போய்த்தான் ஆக வேண்டும் என்று அவர் நிற்பதில் நியாயம் இருக்கிறது, அழுகை புரிய வேண்டும் என்று நீங்கள் நிற்பதிலும் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டும் ஒரே வாயிலிருந்து வர வேண்டும். இருவரும் தனியாகப் பேசி ஒரே வாக்கியத்தை முடிவு செய்து, இருவருமே அதையே சொல்லுங்கள். ஞாயிறு மாலை அலுவலகத்தை நினைத்து நீங்கள் இருவரும் விடும் பெருமூச்சையும் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதையும் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? மாத்திரை கொடுப்பார்களா?

பதில்: பயத்தால் பள்ளி நாட்கள் தவறத் தொடங்கினால், நான்கு வாரம் முயன்றும் குறையாவிட்டால், சாப்பாடு, தூக்கம், நட்பு மூன்றில் ஒன்று கெட்டுவிட்டால் போங்கள். "செத்துப்போயிடலாம்" என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ ஒரு வார்த்தை வந்தாலும் அன்றே போங்கள், தனியே விடாதீர்கள்.

முதல் சிகிச்சை பெரும்பாலும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. வாரம் ஒருமுறை வீதம் 12 முதல் 16 அமர்வுகள் வழக்கம். 2008இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 488 பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் 12 வாரத்துக்குப் பிறகு நன்கு தேறியவர்கள்: இந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் சுமார் 60 சதவீதம், பதற்றத்தைக் குறைக்கும் செர்ட்ரலின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 55, இரண்டும் சேர்ந்தவர்களில் 81, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 24. ஆகவே கடுமையான பயத்துக்கு மருந்தும் சேர்க்கலாம் என்று மனநல மருத்துவர் சொன்னால் பதற வேண்டாம். அந்த மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். ஆரம்ப வாரங்களில் மனநிலை மாற்றத்தைக் கவனிக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. பெரியவர்களின் தூக்க மாத்திரையைப் பாதியாக்கிக் கொடுப்பது கூடவே கூடாது.

ஆலோசகரிடம் முதல் நாளே ஒன்று கேளுங்கள்: பயப்படும் விஷயத்தைப் படிப்படியாகச் செய்து பழகும் பயிற்சி உண்டா? பேச்சும் தளர்வுப் பயிற்சியும் மட்டும்தான் என்றால் வேறு ஆலோசகரைப் பார்ப்பதே நல்லது.

கேள்வி: திங்கள் மாலை வீட்டுக்கு வந்ததும் என்ன கேட்பது?

பதில்: "இன்னைக்கு அழுதியா?", "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" இரண்டும் வேண்டாம். கெட்டதைத் தேடி எடுத்துக்கொண்டு வரவேண்டும் என்று பழக்குகின்றன. முதல் அரைமணி நேரம் எதுவும் கேட்காதீர்கள், பசியும் களைப்பும் அடங்கட்டும்.

அதன் பிறகு ஒரு சிறிய அட்டை. ஞாயிறு மாலையே அதன் முன்பக்கத்தில் பிள்ளை இரண்டு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: நாளைக்கு என்ன நடக்கும் என்று பயப்படுகிறேன், பயம் பத்துக்கு எத்தனை. 'ஏதாவது ஆயிடும்' என்று எழுதினால் ஏற்க வேண்டாம், 'கணக்கு டெஸ்ட்ல ஃபெயில் ஆவேன்' என்பதுபோலச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். திங்கள் மாலை பின்பக்கத்தில்: உண்மையில் என்ன நடந்தது, அந்த நேரத்தில் பயம் எத்தனை. நீங்கள் "பாத்தியா, நான் அப்பவே சொன்னேனே" என்று சொல்லிவிடாதீர்கள், அட்டை பேசட்டும். ஐந்தாறு வாரம் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, எத்தனை பயம் பலித்தது என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள்.

பலித்த வாரமும் இருக்கும். டெஸ்ட்டில் ஃபெயில் ஆகியிருக்கலாம், டீச்சர் திட்டியிருக்கலாம். அந்த அட்டையை ஒளித்துவைக்க வேண்டாம். அதன் அடியில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: 'அதுக்கப்புறம் நான் என்ன செஞ்சேன்.'